ஏரி வெளுத்த கோடை

அந்த ஊரில் அவரை எல்லோரும் வாளியார் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. எங்கே போனாலும் கையில் ஒரு வாளி தொங்கும். துக்கம் விசாரிக்கப் போனால்கூட வாளியை வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார் என்று கேலி பேசுவார்கள். கேலிதான், ஆனால் ஒரு தடவை அப்படி நடந்தும் இருக்கிறது.

வெள்ளையடிப்பது அவர் தொழில். டப்பாவில் வரும் பெயின்டும் அடிப்பார். ஆனால் ஏரியை ஒட்டிய வீடுகளில் சுவர் எப்போதும் ஓதம் ஏறிக் கிடக்கும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும். சுண்ணாம்புதான் அங்கே தாக்குப்பிடிக்கும். சுண்ணாம்புக் கல்லை டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். அடுப்பே இல்லாமல் அது தளதளவென்று கொதிக்கும். ஆறிய பிறகு துணியில் வடிகட்டி, பசை சேர்த்து, துளி நீலம் விட்டுக் கலக்குவார். முதல் கோட்டிங் அடித்ததும் சுவர் அழுதுவிட்டு வந்த முகம் மாதிரி இருக்கும். வீட்டுக்காரர்களுக்கு உள்ளுக்குள் பகீரென்றிருக்கும். “காயட்டும்மா. காஞ்சாத்தான் அது சிரிக்கும்” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். மறுநாள் பார்த்தால் சுவர் பளிச்சென்று நிற்கும்.

அவருக்குக் கல்யாணம் ஆனதும் வெள்ளையடிக்கப் போன இடத்தில்தான். ஏரியில் படகு ஓட்டிக்கொண்டிருந்த அவருடைய நண்பர் வீட்டில் ஒரு நாள் வேலை இருந்தது. வாளியார் அதை ஒரு வாரம் இழுத்தார். சுவருக்குக் கோட்டிங் மேல் கோட்டிங் விழுவதைப் பார்த்த நண்பர் கடைசியில், “மாப்ளே, இதுக்கு மேல அடிச்சா ரூமு சின்னதாயிடும். தங்கச்சியைப் பாக்கணும்னா நேரா வந்து பாத்துட்டுப் போ” என்றார். அப்படித்தான் நண்பர் மச்சான் ஆனார்.

மச்சானின் படகு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வரும். கோடையில் வெளியூர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து ஏறுவார்கள். வாளியாரின் மனைவி வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம் போட்டுத் திரைச்சீலையும் மெத்தை உறையும் தைத்துக்கொடுப்பார். மூன்று பேருக்கும் ஏரிதான் எல்லாம். ஜன்னலைத் திறந்தால் ஏரி, வேலைக்குப் போகும் வழியெல்லாம் ஏரி, சாயங்காலம் கால் நீட்டி உட்கார்ந்தால் எதிரே ஏரி.

அந்த வருஷம் கோடைக் கூட்டம் வருவதற்குமுன் படகுத்துறையின் காத்திருப்பு அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லி மச்சான் கேட்டிருந்தார். வாளியார் மனசு வைத்து அடித்தார். மூலை முடுக்கெல்லாம் பிரஷ் போனது. வேலை முடிந்து டிரம்மைக் கழுவலாம் என்று குழாயைத் திறந்தால் அது காற்றை மட்டும் துப்பியது. வழக்கமாக அவர் டிரம்மை வீட்டுக்குப் பின்னால் சரளைக் கல் கொட்டிய இடத்தில்தான் கழுவுவார். ஏரியில் கழுவவே மாட்டார். அன்றைக்கு வெயில், பசி, சோம்பல். டிரம்மைப் படித்துறையில் உருட்டி, கரையோரத் தண்ணீரில் அலசிவிட்டார்.

வெள்ளையாக ஒரு மேகம் தண்ணீரில் விரிந்தது. படகில் ஏறக் காத்திருந்தவர்கள் அதை வேடிக்கை பார்த்தார்கள். யாரோ ஒருவர், “என்ன வாளியாரே, ஏரியையும் விட்டு வைக்கலையா?” என்று கேட்டார்.

வாளியாருக்கு வாய் சும்மா இருக்குமா? “காத்திருக்கிற ரூமுக்கு மட்டும் அடிச்சா ஏரி கோவிச்சுக்குமே. அதுக்கும் ஒரு கோட்டிங்” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த மேகம் கொஞ்ச நேரத்தில் கரைந்து காணாமல் போயிற்று. பேச்சுதான் கரையவில்லை.

அதற்குப் பிறகு வெயில் கொளுத்த ஆரம்பித்தது. காற்று மருந்துக்கும் இல்லை. மரங்களில் இலை அசையவில்லை. ஏரி எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. நாளுக்கு நாள் தண்ணீரின் நிறம் மாறுகிற மாதிரி இருந்தது, ஆனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு காலை ஊர் எழுந்து பார்த்தபோது ஏரி முழுக்க வெளுத்திருந்தது. சுத்த வெள்ளை இல்லை. பாலில் கொஞ்சம் பச்சையும் கொஞ்சம் நீலமும் கலந்து கலக்கிவிட்டது போல ஒரு நிறம். படித்துறையின் இரண்டாவது படியே கண்ணுக்குத் தெரியவில்லை. கரையெல்லாம் ஆட்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்களே தவிர, ஒருவரும் காலை நனைக்கவில்லை.

வாளியாரும் கூட்டத்தோடு நின்று பார்த்தார். முதலில், அழகாக இருக்கிறதே என்றுதான் நினைத்தார். அப்புறம்தான் பக்கத்தில் இருந்தவர்கள் தன்னைவிட்டு ஒரு அடி தள்ளி நிற்பதைக் கவனித்தார்.

ஊர்ப் பேச்சு முழுக்க முடிவெட்டும் கடையில்தான் தயாராகும். அன்றைக்கு அங்கே வேறு பேச்சே இல்லை. முடிவெட்டுபவர் கத்தரிக்கோலைக் காற்றில் வெட்டிக்கொண்டே சொன்னார்: “நான் யாரையும் குத்தம் சொல்லலைப்பா. அவரே வாயால சொன்னார், ஏரிக்கு ஒரு கோட்டிங்னு. அதைக் கேட்டவங்க இங்கயே நாலு பேர் இருக்காங்க.”

“ஒரு டிரம்மைக் கழுவினா ஏரி முழுக்கவா வெளுக்கும்?” என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்.

“ஒரு கரண்டி மோர் விட்டா ஒரு பானைப் பாலும் உறைஞ்சு போகலையா? அந்த மாதிரிதான்.”

நாற்காலியில் இருந்தவரும் அதற்குத் தலையாட்டிவிட்டார். மாலைக்குள் அந்தக் கதைக்குக் கண் காது மூக்கு எல்லாம் முளைத்துவிட்டது. ஒரு டிரம் ஒரு வண்டிச் சுண்ணாம்பாயிற்று. சோம்பலில் அலசியது வேண்டுமென்றே கொட்டியதாயிற்று.

நகராட்சி ஆட்கள் வந்து கரையில் பலகை நட்டார்கள்: தண்ணீரைச் சோதித்து முடிக்கும்வரை குளிக்கக் கூடாது, படகு விடக் கூடாது. மச்சான் படகைக் கட்டிப்போட்டுவிட்டு, புதிதாக வெள்ளையடித்த அறையின் வாசலில் உட்கார்ந்தார். வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள் பலகையைப் படித்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போயின. வாளியார் பக்கத்தில் போய் நின்றார்.

“மச்சான்…”

மச்சான் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். “அன்னிக்குக் குழாய்ல தண்ணி வரலைன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீயும் நம்புறியா?”

“நான் என்னத்தை நம்புறது? எனக்குத் தெரிஞ்சு இந்த ஏரி இப்படி ஆனதே இல்லை. நீ அலசின வாரத்துல ஆகியிருக்கு. நீயே சொல்லு, நான் என்ன நினைக்கட்டும்?”

வாளியார் வீட்டுக்கு நடந்தார். அன்றிலிருந்து மச்சான் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. எதிரே வந்தால் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்துகொள்வார்.

வேலைக்குச் சொல்லி வைத்திருந்தவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். யாரும் நேரடியாக எதுவும் சொல்லவில்லை. “வெயில் தணியட்டும், அப்புறம் பாக்கலாம்” என்றார்கள். வெயிலில்தான் வெள்ளையடிக்க வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியும்.

வீட்டில் மனைவி தையலில் குனிந்திருந்தார். தையல் இயந்திரம் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. இரண்டாம் நாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்: “எங்க அண்ணன் சொல்றதும் தப்பு, நீங்க வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டதும் தப்பு. ரெண்டு பேரும் சரின்னு நான் சொல்லமாட்டேன். சாப்பிட வாங்க.”

யாரும் இல்லாத நேரம் பார்த்து வாளியார் ஏரிக்குப் போவார். குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி, அது வடிந்த பிறகு விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்ப்பார். மெல்லிய மாவு மாதிரி ஏதோ நிரடும். வாழ்க்கை முழுக்கச் சுண்ணாம்பில் ஊறிய விரல்கள். அவற்றுக்கு அது சுண்ணாம்பு போலத்தான் பட்டது. முடிவெட்டும் கடையிலிருந்து காதுக்கு வந்த அந்த மோர்க் கணக்கு அவர் மண்டையைவிட்டு இறங்கவில்லை. தண்ணீர் ஊற்றி நீற்றிய சுண்ணாம்பு அப்படிப் பெருகுமா? பெருகி அவர் பார்த்ததில்லை. ஆனால் அதை ஏரியில் கரைத்தும் அவர் பார்த்ததில்லையே. தன் கையால்தான் இது நடந்தது என்று மெல்ல மெல்ல அவரே நம்பத் தொடங்கினார். ஏரியைத் தாண்டிப் போகும்போது, தான் கெடுத்த வீட்டுச் சுவரைத் தாண்டிப் போகிறவர்போலத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வார இறுதியில் ஒரு வேன் வந்தது. அதிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கினார்கள். கடைசியில் அகலத் தொப்பி போட்ட ஒரு நடுவயதுப் பெண் இறங்கினார். தண்ணீர் ஆய்வு நிலையத்திலிருந்து வந்திருக்கிறார் என்று தெரிந்ததும், “ஏரிக்கு டாக்டர் வந்தாச்சு” என்று முடிவெட்டும் கடையில் அறிவித்தார்கள். அன்றிலிருந்து அவர் ஏரி டாக்டர்.

ஏரி டாக்டருக்கு ஏரியின் நடுவுக்குப் போக வேண்டும். அதிகாரிகளே சொன்னதால் மச்சான் படகை அவிழ்த்தார். ஆனால் நங்கூரக் கயிறு பிடிக்கும் ஆள், படகு நின்றுபோன மறுநாளே மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். கயிறு பிடிக்க ஒரு கை வேண்டும். ஊரில் ஒருவரும் அந்தத் தண்ணீர்ப் பக்கம் வருவதாக இல்லை.

இது காதில் விழுந்ததும் மனைவி வாளியாரைப் பார்த்து, “நீங்க போங்க” என்றார்.

“உங்க அண்ணன் என் மூஞ்சியையே பாக்கமாட்டேங்கிறான்.”

“மூஞ்சியைப் பாக்கவா போறீங்க? கயித்தைப் பிடிக்கத்தானே போறீங்க.”

அப்படித்தான் ஏரி டாக்டரும் மச்சானும் வாளியாருமாக மூன்று பேர் அந்தப் பால் ஏரியின்மேல் போனார்கள். படகுக்குப் பின்னால் பச்சை கலந்த வெள்ளையில் ஒரு கோடு நீண்டு, மெல்ல மூடிக்கொண்டது. மச்சான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, அவரைக் கயித்தை விடச் சொல்லுங்க” என்றார்.

வாளியார், “அம்மா, விட்டாச்சுன்னு சொல்லுங்க” என்றார்.

“அம்மா, இன்னும் கொஞ்சம் விடச் சொல்லுங்க.”

“அம்மா, இதுக்கு மேல கயிறே இல்லைன்னு சொல்லுங்க.”

ஏரி டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “உங்க ரெண்டு பேருக்கும் ஒரே பாஷைதானே?”

“சொந்தக்காரங்கம்மா” என்றார் மச்சான்.

“ஓ, அப்ப சரி” என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

முதலில் சாப்பாட்டுத் தட்டு அளவில் கறுப்பும் வெள்ளையும் அடித்த ஒரு வட்டத்தைக் கயிற்றில் கட்டி இறக்கினார். கை நீளம் போவதற்குள் அது மறைந்துவிட்டது. ஒரு துண்டுக் காகிதத்தைத் தண்ணீரில் நனைத்து அது மாறிய நிறத்தைப் பார்த்துக்கொண்டார். புட்டி புட்டியாகத் தண்ணீர் எடுத்தார். கடைசியாக, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் ஒரு நீளக் குழாயில் எடை கட்டி அடிவரை விட்டு, மூவருமாகச் சேர்ந்து இழுத்தார்கள். ஏரியின் அடிச் சேறு குழாய்க்குள் கலையாமல் மேலே வந்தது. அப்படியொன்றை வாளியார் அதுவரை கண்டதில்லை. அடியிலிருந்து மேல்வரை வரி வரியாக இருந்தது: ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை, மறுபடி ஒரு கறுப்பு, மறுபடி ஒரு வெள்ளை. சில வெள்ளை வரிகள் தடிமனாகவும் சில நூல் மாதிரியும் இருந்தன.

அதற்குமேல் வாளியாரால் அடக்க முடியவில்லை. “அம்மா, யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். சுண்ணாம்பு டிரம்மை ஏரியில அலசினது நான்தான்.”

மச்சான் திரும்பிப் பார்த்தார். அந்த வாரத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர்.

ஏரி டாக்டர் சிரிக்கவில்லை. “டிரம்ல எவ்வளவு இருந்துச்சு?” என்று கேட்டார்.

“அடியில ஒட்டியிருந்ததுதான். கையால வழிச்சா ரெண்டு கைக்குக் காணாது.”

அவர் தலையைத் தூக்கி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரு தடவை பார்த்தார். “இந்த ஏரி இப்படி வெளுக்கணும்னா லாரி லாரியா வரிசை கட்டி வந்து கொட்டியிருக்கணும். அப்படிக் கொட்டியிருந்தா மீனெல்லாம் வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்கும். இந்தத் தண்ணியில கை வெச்சா எரியும். உங்களுக்கு எரிஞ்சுதா?”

“இல்லைம்மா.”

“மீன் ஏதாவது மிதந்துச்சா?”

“அதெல்லாம் நல்லாத்தான் துள்ளுது” என்றார் மச்சான், யாரும் தன்னைக் கேட்காமலே.

“அப்ப நீங்க இல்லை. இருந்தாலும் நுண்ணோக்கியில பாத்துட்டுத்தான் எதையும் எழுத்துல குடுப்பேன். உங்க சுண்ணாம்பும் கொஞ்சம் கொண்டு வாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துடலாம்.”

வாளியாருக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. அதோடு சேர்ந்து, சொன்னால் வெட்கக்கேடு, கடுகளவு ஏமாற்றமும் எட்டிப் பார்த்தது. இத்தனை பெரிய ஏரியைத் தன் இரண்டு கையால் மாற்றிவிட்டதாக ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தவர் அவர். அந்தப் பயத்துக்குள் கொஞ்சம் பெருமையும் ஒளிந்திருந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

காத்திருப்பு அறையில் பெஞ்சுகளை ஒதுக்கி, ஒரு மேஜையில் நுண்ணோக்கியை வைத்தார்கள். வாளியார் வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு கிண்ணத்தில் சுண்ணாம்பு கொண்டுவந்தார். கூடவே மனைவியும் வந்தார். ஏரி டாக்டர் முதலில் அந்தச் சுண்ணாம்பில் ஒரு துளியை வைத்துக் காட்டினார். உருவமே இல்லாத பொடி, உதிர்ந்த ரொட்டித் தூள் மாதிரி. அடுத்து ஏரித் தண்ணீரில் ஒரு துளி. வாளியார் கண்ணை வைத்தவர் எடுக்கவில்லை. உள்ளே பொடி இல்லை. முனை முனையாக, பட்டை பட்டையாக, யாரோ உட்கார்ந்து செதுக்கியது போன்ற கற்கள், சர்க்கரைப் பரல் மாதிரி மின்னின. கூர்ந்து பார்த்தால் அந்தக் கற்களுக்கு இடையிலும் அவற்றின்மேல் ஒட்டியும் ஊசி முனையைவிடச் சின்னதாகப் பச்சைப் புள்ளிகள்.

“அந்தப் பச்சை என்னம்மா?”

“அதுங்கதான் உங்க ஏரிக்கு வெள்ளையடிச்சவங்க” என்றார் ஏரி டாக்டர். “உயிருள்ளது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. கோடிக் கணக்குல இருக்குது.”

மச்சான் வாளியாரை மெல்லத் தள்ளிவிட்டுத் தானும் கண்ணை வைத்தார்.

“அது சரி, இத்தனூண்டு ஒண்ணு கல்லு எப்படிச் செய்யும்?” என்று வாளியாரின் மனைவி கேட்டார்.

“உங்க வீட்டுக் கெட்டில்ல உள்பக்கம் வெள்ளையா படியுதா?”

“அதையேன் கேக்கறீங்க. சுரண்டிச் சுரண்டி என் கைதான் தேஞ்சுது.”

“அதே கதைதான். ஏரிக்கு அந்தப் பக்கம் தெரியுதே, அந்த மலை முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு. மழைத் தண்ணி அதைக் கரைச்சு ஏரிக்குக் கொண்டாருது. சோடாவுல நுரைக்குதே ஒரு வாயு, அது தண்ணியில இருக்கிறவரைக்கும் சுண்ணாம்பு கரைஞ்சு கண்ணுக்குத் தெரியாம இருக்கும். கெட்டில்ல தண்ணி கொதிச்சா அந்த வாயு ஓடிப்போயிடும். சுண்ணாம்பு கல்லாப் படிஞ்சிடும். இங்க அடுப்பு கிடையாது. இந்தப் பச்சை உயிருங்க வெயிலை வெச்சுச் சமைச்சுக்குது. சமையலுக்கு அதுங்க எடுத்துக்கறதே அந்த வாயுவைத்தான். எடுக்க எடுக்க அதுங்களைச் சுத்தி இருக்கிற தண்ணி மாறிடுது. சுண்ணாம்பு அதுங்க தோல்மேலயே வந்து ஒட்டிக் கல்லா வளர ஆரம்பிச்சுடும்.”

“ஐயோ, மூச்சு முட்டாதா அதுங்களுக்கு?”

“சிலது சட்டையைக் கழட்டற மாதிரி அந்த ஓட்டைக் கழட்டிப் போட்டுடும். சிலது அதோடயே அடிக்குப் போய்ச் சேந்துடும்.”

வாளியார் இவ்வளவு நேரமும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் அடித்த சுவர். “அம்மா, இதுவும் காத்து பட்டாத்தான் கெட்டியாகும். மூடி வெச்சா வருஷக் கணக்கா குழைஞ்சே கிடக்கும். அது ஏன்?”

ஏரி டாக்டரின் முகம் மலர்ந்தது. “காத்துலயும் அதே வாயு இருக்கு. உங்க சுவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துக்கிட்டுக் கல்லாகுது. ஏரியில அந்த வாயு வெளியே போனாக் கல்லாகுது. போற வழிதான் தலைகீழ். கடைசியில கிடைக்கிற கல்லு ரெண்டும் ஒண்ணுதான்.”

அதை வாளியார் இரண்டு மூன்று தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“அப்ப இத்தனை வருஷமா இது ஏன் நடக்கலை?” மச்சான் அவ்வளவு லேசில் விடுகிறவர் இல்லை.

“நடந்துக்கிட்டேதான் இருக்குது. கொஞ்சமா நடந்தா யார் கவனிக்கறாங்க? கோடையில தண்ணி லேசா மங்கும், அவ்வளவுதான். இந்த வருஷம் காத்தே இல்லை, வெயில் நின்னு அடிச்சுது. மேல்தண்ணி சூடாகி அசையாம நின்னதும் அதுங்களுக்குக் கொண்டாட்டம்.” அவர் சேற்றுக் குழாயை எடுத்து மேஜைமேல் கிடத்தினார். “இந்த வெள்ளை வரி ஒவ்வொண்ணும் ஒரு கோடை. கறுப்பு குளிர்காலம். தடிப்பா இருக்குதே, அந்த வருஷமெல்லாம் இப்படித்தான் வெளுத்திருக்கும். இந்த அடி வரியெல்லாம் இந்த ஊரே இல்லாத காலத்துது.”

மச்சான் விரலை வைத்து வரிகளைத் தொட்டுக்கொண்டே கீழே போனார். பாதியில் நிறுத்தி, “இவ்வளவு காலமா இதுமேலதான் படகு ஓட்டிக்கிட்டிருந்திருக்கேன்” என்றார். அதை யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

சோதனை முடிவு வந்ததும் கரைப் பலகையைப் பிடுங்கிவிட்டார்கள். தண்ணீரில் கெடுதல் ஒன்றும் இல்லை, வெண்மை தானே அடங்கும் என்று ஒட்டிய அறிவிப்பை ஊரே நின்று படித்தது. முடிவெட்டுபவர் மட்டும் அதைப் படித்துவிட்டுக் கடைக்கு வந்து, “படிச்சவங்க சொல்றது சரிதான். ஆனா நம்ம வாளியார் அலசினதைப் பாத்துத்தான் அதுங்களுக்கு அந்த யோசனையே வந்திருக்கும்” என்றார். இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்திருந்ததே வாளியார்தான். கழுத்தருகே கத்தி இருந்ததால் அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

பச்சை கலந்த அந்தப் பால் நிறத்தைப் பார்க்கவே பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். படகில் எள் விழ இடமில்லை. மச்சான் சுக்கானைப் பிடித்துக்கொண்டே கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். பாதி சரியாக இருக்கும். மீதியை அவரே தைத்துச் சேர்த்திருப்பார். அதுங்களுக்கும் சம்சாரம், பிள்ளைகுட்டி எல்லாம் உண்டு என்று ஒரு நாள் சொன்னதாகக் கேள்வி. வாளியாருக்கும் நழுவிப்போன வேலைகளெல்லாம் திரும்பி வந்தன. வெயில் தணிந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை; தணியவும் இல்லை.

ஆனால் மச்சான் அவரிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. இப்போது கோபம் இல்லை, கூச்சம். அதை எப்படி உடைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஒரு சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தார். முன்னறையில், தைத்து வைத்த மெத்தை உறைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். கூரையைப் பார்த்தார். கடைசியில், “படகுக் கேபினுக்குப் பெயின்ட் அடிக்கணும். என்ன கலர் அடிக்கலாம் மாப்ளே?” என்றார்.

“நீ என்ன நினைக்கறே மச்சான்?”

“எது வேணா அடி. வெள்ளை மட்டும் வேண்டாம்.”

வாளியார் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மச்சானும் சிரித்துவிட்டார். தையல் இயந்திரத்தைவிட்டுத் திரும்பாமலே மனைவி சொன்னார்: “தப்புன்னு ஒரு வார்த்தை அண்ணன் வாயில வருதா பாருங்க. எங்க அப்பாவும் இப்படித்தான்.” அவர் குரலில் கோபம் இல்லை. இயந்திரம் பழைய வேகத்துக்கு வந்திருந்தது.

காற்றுக் காலம் தொடங்கியதும் ஏரி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. படிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வெண்மையெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது என்று இப்போது ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வாளியார் சுவர் அடிக்கும்போது சில சமயம் பிரஷை நிறுத்திவிட்டு ஈரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். “என்ன, உள்ள பூச்சி ஏதாவது தெரியுதா?” என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். “இல்லைங்க, இது காத்தைக் குடிக்குதான்னு பாக்கறேன்” என்பார். அவர்கள் ஒன்றும் புரியாமல் உள்ளே போய்விடுவார்கள்.

அடுத்த கோடை வருவதற்குமுன் ஏரி டாக்டர் தொலைபேசியில் பேசினார். கோடை முடியும்வரை வாரம் ஒரு தடவை ஏரி நடுவுக்குப் போய், அந்தக் கறுப்பு வெள்ளை வட்டத்தை இறக்கி, எவ்வளவு ஆழத்தில் மறைகிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். மச்சான் உடனே சரி என்றார். கயிறு பிடிக்க வாளியார் வருவார் என்று அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இருவரும் போனார்கள். போன முதல் வாரமே சண்டை. “மறைஞ்சிடுச்சு, எழுதிக்கோ” என்பார் வாளியார். “எங்க மறைஞ்சுது? அந்தா தெரியுதே” என்பார் மச்சான். “அது உன் தலையோட நிழல் மச்சான்.” இப்படியே கயிறு ஏறும், இறங்கும். கரையில் நிற்பவர்கள் காதிலேயே அந்தச் சத்தம் விழும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை தையலை மூடி வைத்துவிட்டுப் படகில் ஏறினார். கல்யாணம் ஆன புதிதில் போனதோடு சரி, ஏரி நடுவுக்கு அவர் வந்ததே இல்லை. கயிற்றைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். ஊசிக் காதில் நூல் கோத்துப் பழகிய கண்கள். வட்டம் மெல்ல மெல்லக் கீழே போனது. லேசாகப் பால் கலந்த தண்ணீருக்குள் அது மங்கி, ஒரு நிழலாகி, இல்லாமல் போனது. அவர் கயிற்றை விரலால் கிள்ளிப் பிடித்தார்.

“இங்கதான்” என்றார். “ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு இதை எழுதுங்க.”

இருவரும் எழுதினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர்தான் பார்த்தார். படகு திரும்பும்போது மட்டும் கொஞ்ச நேரம் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வருவார்.